அதே மாதிரி இன்னொன்று

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மாசி மாத ராத்திரியில் கனடாவிலிருந்து பேரன் கூப்பிட்டான். அவனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. துப்பாக்கி உரிமம் வாங்கி, ஆட்டவா பக்கத்தில் உள்ள கன்னாட் ரேஞ்சில் தொலைதூர ரைஃபிள் போட்டிக்குப் போக ஆரம்பித்திருந்தான். "தாத்தா, எந்தத் தோட்டா எடுக்கட்டும்? தோட்டா தயார் பண்ற சாமான் எல்லாம் என்னென்ன வாங்கட்டும்? நீங்க சொல்றதத்தான் வாங்குவேன்" என்றான். கூடவே ஒரு பட்டியலும் அனுப்பினான். அதில் பதினேழு பொருள் இருந்தன. தோட்டா என்று எழுதிய இடத்தில் ஒரு பெரிய மேக்னம் பெயர், அதாவது வெடிமருந்து கூடுதலாகப் பிடிக்கிற வலிய தோட்டா.

நான் தளவானூர்க்காரன். செஞ்சிக்குப் பக்கத்தில் வேர்க்கடலையும் நெல்லும் விளைகிற ஊர். 1970-ல் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி முடித்து, இருபத்து நான்கு வருஷம் பட்டாளத்தில் இருந்தேன். அதில் பதினோரு வருஷம் யூனிட்டின் ரைஃபிள் டீமில் சுட்டவன். ஓய்வு பெற்ற பின் ஒரு ரைஃபிள் கிளப்பில் துப்பாக்கி பழுது பார்த்தேன். அதனால்தான் பேரன் என்னைக் கேட்டான். அன்று போனில் சொன்னது பாதிதான். மீதியை எழுதிவைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். இப்போதுதான் கை வந்தது.

பட்டியலைப் பார்த்துவிட்டு நான் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி. "இந்தத் தோட்டாவில் ஒன்று நல்லா செய்யறே, சரி. அதே மாதிரி இன்னொன்று செய்வியா? அதே மாதிரி ஐம்பது?" பையன் பதில் சொல்லவில்லை. சொல்லாதது நல்லது. அந்தக் கேள்விக்கு உடனே "செய்வேன்" என்பவனிடம் பேசிப் பயனில்லை.

தொலைதூரம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். 1000 கஜம் என்பது 914 மீட்டர். எங்கள் ஊர் மலையடியில் நின்றால் அடுத்த ஊர் புளியமரம் தெரிகிற தூரம். .308 வின்செஸ்டர் தோட்டாவை 100 கஜத்துக்குக் குறி சரிசெய்துவிட்டு, அதே குறியோடு 1000 கஜத்தில் சுட்டால், குண்டு ஏறத்தாழ 10 மீட்டர் கீழே விழும். மூன்று மாடி உயரம். சைட்டைத் திருப்பி அந்த 10 மீட்டரையும் ஈடுகட்டலாம், அது கணக்கு. ஆனால் ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் வேகம் மாறினால் எந்தச் சைட்டும் காப்பாற்றாது. வேகம் வினாடிக்கு 3 மீட்டர் மாறினாலே அந்தத் தூரத்தில் நாலைந்து விரற்கடை மேலேயோ கீழேயோ போய்விடும். எஃப் கிளாஸ் என்ற தொலைதூரப் போட்டியில் 1000 கஜ இலக்கின் பத்தாம் வட்டம் 25 சென்டிமீட்டர்தான். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. அதற்குள் காற்றுக்கும் இடம் வேண்டும், கை நடுக்கத்துக்கும் இடம் வேண்டும். அந்த இடத்தைத் தோட்டாவே தின்றுவிட்டால் சுடுகிறவன் என்ன செய்வான்?

ஆகவே, வலிய தோட்டா என்பது முதல் கேள்வி அல்ல. மாறாத தோட்டா என்பதே முதல் கேள்வி. இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. தோற்றுக் கற்றேன்.

1979. ஓர் உள்போட்டி. 500 கஜம், படுத்த நிலை. முந்தின நாள் பயிற்சியில் பத்துக்கு ஒன்பது நடுவில் விழுந்திருந்தது. இரவெல்லாம் தூக்கம் வராமல் சந்தோஷம். காலையில் எனக்கு வந்த தோட்டாக்களைப் பையில் போட்டுக்கொண்டேன். முந்தின நாள் மீதம் இருந்ததும் அதே பையில்தான் கிடந்தது. முதல் நான்கு ரவுண்டு சரியாகப் போயிற்று. ஐந்தாவது அரைச் சாண் கீழே. நான் மூச்சைத்தான் சந்தேகப்பட்டேன். ஆறாவது சரி. ஏழாவது மறுபடி கீழே. சைட்டை ஒரு கிளிக் ஏற்றினேன். எட்டாவது மேலே போயிற்று. அப்புறம் நான் எதைத் திருத்துகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. முடிந்தபின் தரையில் கிடந்த காலிக் குப்பிகளைப் பொறுக்கினேன். பட்டாளத்தில் அதைக் 'கோக்கா' என்போம். எண்ணி ஒப்படைத்தாக வேண்டும். எண்ணும்போதுதான் அடியில் பொறித்திருந்த ஆண்டைப் பார்த்தேன். இரண்டு வேறு ஆண்டு, இரண்டு வேறு தயாரிப்பு. இரண்டும் நல்ல தோட்டாக்களே. கலந்தது நான். ஒரு நொடி திருப்பிப் பார்த்திருந்தால் போதும். டீமில் மற்ற மூன்று பேரின் உழைப்பும் என் பையோடு போயிற்று. அவர்களில் ஒருவர் மாலையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயை இன்றும் மறக்க முடியவில்லை.

பேரனுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப மேக்னம் வேண்டாம்ங்கறீங்களா?" என்றான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதை எடுத்தாலும் அதோடு நாலு வருஷம் வாழ முடியுமா என்று பார்க்கச் சொன்னேன்.

அதற்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். முதலாவது போட்டியின் விதி. எஃப் கிளாஸில் டி.ஆர். என்ற பிரிவில் .308-ம் .223-ம் மட்டும்தான் அனுமதி. அங்கே தேர்வே பாதி முடிந்துவிடுகிறது. திறந்த பிரிவிலோ வேறு பல தோட்டாக்களையும் எடுக்கலாம். அமெரிக்காவில் 2012-ல் தொடங்கிய பி.ஆர்.எஸ். போட்டிகளில் பல இடங்களில் பல தூரங்களில் நேரக் கணக்கோடு சுட வேண்டும். அங்கே 6 மில்லிமீட்டர் தோட்டாக்களை விரும்புகிறார்கள். உதை குறைவு என்பதால், தன் குண்டு எங்கே பட்டது என்று சுட்டவனே குழாய்க் கண்ணாடியில் பார்க்க முடிகிறது. அடுத்த குண்டுக்கு வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. உதைக்கிற துப்பாக்கி நம் கண்ணை மூடிவிடுகிறது. குண்டு பட்ட இடம் தெரியாதவன் எத்தனை குண்டு சுட்டும் கற்றுக்கொள்ள மாட்டான்.

இரண்டாவது, துப்பாக்கிக் குழாயின் ஆயுள். குறுகிய துளையுள்ள குழாயில் நிறைய மருந்தை எரித்தால், குண்டு நுழைகிற தொண்டைப் பகுதி சீக்கிரம் தேயும். .308 குழாய் 5000 ரவுண்டுக்கு மேலும் தாங்கும் என்பார்கள். 6.5 கிரீட்மூர் அதில் பாதி. சில 6 மில்லிமீட்டர் தோட்டாக்களில் இரண்டாயிரத்துக்குள்ளேயே குழாய் மாற்ற வேண்டிவரும். கற்றுக்கொள்ளவே முதல் 2000 ரவுண்டு போகும் பையனுக்குக் கற்று முடிக்கும்போது குழாயும் முடிந்துபோனால் எப்படி?

மூன்றாவது, கிடைக்கிற சாமான். நல்ல பித்தளைக் குப்பியும், போட்டிக் குண்டும், ஒரே மருந்தும் அடுத்த வருஷமும் அதே கடையில் கிடைக்குமா? .308 வந்தது 1952-ல். எழுபது வருஷமாக உலகம் முழுக்க அதற்குக் குண்டு செய்கிறார்கள். 6.5 கிரீட்மூர் 2007-ல்தான் வந்தது. ஆனால் காற்றில் அது .308-ஐ விட நேராகப் போகும், உதையும் குறைவு, அதனாலேயே பத்தே வருஷத்தில் எங்கும் பரவிவிட்டது. இரண்டில் ஒன்றை எடு என்றேன். அவன் சேர்ந்த பிரிவு டி.ஆர். என்பதால் .308 எடுத்தான். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே அடிக்கிற காற்று, 1000 கஜத்தில் அதன் குண்டை இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். "அவ்வளவு தள்ளுதே தாத்தா" என்று வருத்தப்பட்டான். தள்ளட்டும். காற்றைப் படிக்க அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.

இங்கே நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். கனடாவில் உரிமம் பெற்றவன் தன் போட்டிக்குத் தானே தோட்டா தயாரித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். வீட்டு மேசையில் உட்கார்ந்து செய்துபார்க்கிற வேலை அல்ல இது. இதைப் படித்துவிட்டு யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். இங்கே கற்க ஆசைப்படுகிறவர்கள் ரைஃபிள் கிளப்பில் சேருங்கள்.

என் மகள் வயிற்றுப் பேத்தி அப்படித்தான் சேர்ந்தாள். விழுப்புரத்தில் படிக்கிறாள், லீவு விட்டால் சென்னைக்குப் போய் .22 ரைஃபிளில் 50 மீட்டர் சுடுகிறாள். .22 தோட்டாவின் அடி விளிம்பிலேயே வெடிப்பொருள் இருக்கும். ஒருமுறை சுட்டால் ஆணி அந்த விளிம்பை நசுக்கிவிடும், அதோடு அந்தக் குப்பி முடிந்தது. மறுபடி நிரப்ப முடியாது. ஆகவே அவளுக்குச் செய்கிற வேலை இல்லை, தேர்ந்தெடுக்கிற வேலை மட்டும். ஆனால் அந்தத் தேர்வு லேசானதல்ல. 50 மீட்டரில் பத்தாம் வட்டம் 10.4 மில்லிமீட்டர். நம் சட்டைப் பொத்தான் அளவு. ஈலி, லாபுவா, ஆர்.டபிள்யூ.எஸ். என்று பெரிய கம்பெனிகள் போட்டித் தோட்டா செய்கின்றன. ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழேயே அதை ஓட விடுகிறார்கள். ஒலியின் வேகத்தைக் கடந்து இறங்கும்போது குண்டு தடுமாறும் என்பதால் அந்தக் கட்டத்துக்கே அதைக் கொண்டுபோவதில்லை.

அதே பெயர், அதே பெட்டி, அதே விலை. ஆனால் லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண், மாறினால் ஒரு துப்பாக்கிக்கு ஒத்துவருவது இன்னொன்றுக்கு ஒத்துவராது. அதனால் பெரிய வீரர்கள் தங்கள் குழாயையே கம்பெனியின் சோதனைக் கூடத்துக்கு எடுத்துப்போகிறார்கள். குழாயை இரும்புப் பிடியில் பூட்டி, ஒவ்வொரு லாட்டிலும் சில பத்து ரவுண்டு சுட்டு, ஓட்டைகள் எதில் நெருங்கி விழுகின்றனவோ அந்த லாட்டை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பேத்தியின் அப்பா, "இருப்பதிலேயே விலை கூடினதை வாங்கிக் குடுத்துடறேன் மாமா" என்றார். விலையைப் பார்க்காதீங்க மாப்பிள்ளை, நம்பரைப் பாருங்க என்றேன். கிளப்பில் கிடைத்த நாலு லாட்டை இருபது இருபதாகச் சுட வைத்தோம். அவள் துப்பாக்கிக்குப் பிடித்தது அதில் விலை குறைந்த இரண்டாவது லாட். அந்த லாட்டில் கிடைத்த பெட்டிகளை எல்லாம் வாங்கினோம். ஜாதகம் பார்ப்பதை விட இது நம்பிக்கையான பொருத்தம்.

செஞ்சிக்கும் இந்த விளையாட்டுக்கும் ஒரு பழைய நூல் ஓடுகிறது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சிவாஜி மகாராஜா 1677-ல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் இராஜாராம் 1689-ல் இங்கே வந்து தங்க, மொகலாயர் முற்றுகை 1698 வரை நீண்டது. அந்த இராஜாராமின் மரபு பின்னால் கோலாப்பூரில் அரசாண்டது. கோலாப்பூர் ராஜா இங்கிலாந்தின் ரைஃபிள் சங்கத்துக்குக் கொடுத்த கோப்பைக்காக 1871-லிருந்து பல நாட்டு அணிகள் போட்டியிடுகின்றன. இன்று அது பிஸ்லி மைதானத்தில் நடக்கிறது. பெயரே கோலாப்பூர் கோப்பை. அதே கோலாப்பூர் மண்ணின் தேஜஸ்வினி சாவந்த், 2010-ல் மியூனிக்கில் 50 மீட்டர் படுத்த நிலையில் உலகச் சாம்பியன் ஆனார். கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்து ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்த ஸ்வப்னில் குசாலே, 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளி எடுத்து வெண்கலம் வாங்கினார். அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். அன்று பேத்தி போனை வைத்துக்கொண்டு அழுதாள். கிராமத்துப் பிள்ளை, அரசாங்க வேலை, பொறுமை. அவளுக்கு வேறு என்ன எடுத்துக்காட்டு வேண்டும்?

சரி, சாமான் விஷயத்துக்கு வருகிறேன். பேரன் பட்டியலில் பதினேழில் எட்டை அடித்துவிட்டேன்.

தோட்டா தயாரிக்க ஒரு பிரஸ் வேண்டும். கைப்பிடியை இறக்கினால் குப்பியை டை என்ற அச்சுக்குள் தள்ளி அளவுக்குக் கொண்டுவரும் இரும்பு யந்திரம். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்கிற சாதாரணப் பிரஸ் போதும், அது மூன்று தலைமுறைக்கு உழைக்கும். பையன் கேட்டதோ ஒரு இழுப்பில் நாலு வேலை செய்கிற சுழல் யந்திரம். வேகமாகத் தயாராகும் என்றான். வேகமாகத் தயாரித்து எங்கே ஓடப்போகிறாய்? போட்டிக்கு வேண்டியது மாதம் நூறோ நூற்றைம்பதோ. ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகச் செய்தால் கை அதைக் கற்றுக்கொள்ளும். எந்தக் குப்பி டைக்குள் இறுக்கமாகப் போகிறது, எது வழுக்கிக்கொண்டு போகிறது என்று உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். அந்த வித்தியாசத்தை முதலில் கைதான் சொல்லும்.

மிச்சமான பணத்தைத் தராசில் போடு என்றேன். இதில் என் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் தெருவில் ஒரு பத்தர் இருந்தார். நான் சின்னப் பையனாக இருந்தபோது அவர் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வேன். கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னத் தராசு. குன்றிமணி போட்டு எடை பார்ப்பார். நாலு நெல்லெடை ஒரு குன்றிமணி, இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்று எனக்கு வாய்பாடு சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். நிறுக்கும்போது வாசல் கதவைச் சாத்திவிடுவார், மின்விசிறியை நிறுத்துவார், யாரையும் பேச விடமாட்டார். முள் நின்றபின்னும் ஒரு மூச்சு காத்திருப்பார். பிறகுதான் சொல்வார்.

துப்பாக்கி மருந்தை கிரெயின் என்ற அளவில் நிறுப்பார்கள். ஒரு கிரெயின் 0.0648 கிராம். ஏறத்தாழ அரைக் குன்றிமணி. நம் பத்தரின் நெல்லெடை இரண்டு சேர்ந்தால் அவர்கள் கிரெயின். அவர்களும் தானியத்தை வைத்துத்தான் எடையைத் தொடங்கினார்கள், நாமும் அப்படியே. குச்சி குச்சியாக இருக்கும் மருந்தில் ஒரு குச்சி ஒரு கிரெயினில் ஐம்பதில் ஒரு பங்கோ அதைவிடச் சற்றுக் கூடவோ இருக்கும். நல்ல தராசு அந்த ஒற்றைக் குச்சிக்கும் அசையும். மலிவுத் தராசு நாலைந்து குச்சிக்கு அசையாமல் நிற்கும். அது நிற்பதைப் பார்த்து எடை சரி என்று நாம் நம்புவோம். பேரன் வாங்கிய தராசை நிலவறையில் ஹீட்டர் காற்று படாத மூலையில் வைக்கச் சொன்னேன். அரை மணி முன்னாலேயே போட்டு வைத்து, சோதனை எடையை வைத்துப் பார்த்து, பிறகுதான் தொடங்க வேண்டும். எங்கள் பத்தர் மின்விசிறியை நிறுத்தினாரே, அது ஏன் என்று ஆட்டவாவில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

மருந்து என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் மொழியில் நோய்க்குக் கொடுப்பதும் மருந்து, துப்பாக்கியில் போடுவதும் மருந்து. இரண்டிலும் அளவு மீறினால் ஆள் போய்விடுவான். மருந்து கம்பெனி வெளியிடுகிற அட்டவணையில் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். தொடக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். நண்பன் சொன்ன அளவு நண்பனின் துப்பாக்கிக்கு மட்டும்தான். மேசை மேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. வேலை முடிந்ததும் மீதியை அதே டப்பாவில் கொட்டி மூட வேண்டும். எது எந்த மருந்து என்று சந்தேகம் வந்தால் எதையும் பயன்படுத்தாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

மருந்து என்றதும் எனக்கு அருவங்காடு நினைவு வரும். நான் ரெக்ரூட்டாக இருந்த வெலிங்டனுக்கு மலை ரயிலில் அடுத்த ஸ்டேஷன் அது. அங்கேதான் நூற்றிருபது வருஷமாக வெடிமருந்து தொழிற்சாலை நடக்கிறது. ஊர்க்காரர்கள் 'கார்டைட் ஃபேக்டரி' என்றே சொல்வார்கள். அந்தக் காலத்து மருந்து கயிறு போல நீள நீளமாக இருந்ததால் அந்தப் பெயர். அங்கே வேலை பார்த்த ஒருவரோடு பழக்கம் ஏற்பட்டது. தீப்பெட்டி, பீடி எதையும் வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவாராம். வீட்டுக்கு வந்தபின்னும் அவர் நடையில் ஒரு நிதானம் இருக்கும். கதவைக்கூட அடித்துச் சாத்த மாட்டார். தொழில் மனிதனுக்குள் இறங்குவது என்றால் அதுதான்.

வெயில் பற்றியும் சொல்ல வேண்டும். சூடேறினால் மருந்து வேகமாக எரியும், அழுத்தம் கூடும், குண்டின் வேகம் கூடும். செஞ்சிப் பாறையின் சித்திரை வெயிலை அறிந்தவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டாப் பெட்டியை வெயிலில் வைக்கக் கூடாது. சுட்டுச் சூடான குழாயில் தோட்டாவைப் போட்டுவிட்டு, காற்று மாறட்டும் என்று யோசித்துக்கொண்டே இருக்கவும் கூடாது. பேத்தி தோட்டாப் பெட்டியை வெள்ளைத் துண்டில் சுற்றி நிழலில் வைக்கிறாள். சாப்பாட்டு டப்பாவுக்குச் செய்கிற அதே கவனிப்பு.

பித்தளைக் குப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். சுடும்போது விரிகிறது, டையில் சுருங்குகிறது. நாலைந்து தடவை இப்படி ஆனபின் கழுத்து இறுகிப்போகும். இறுகின கழுத்து ஒவ்வொரு குண்டையும் வேறு வேறு பலத்தில் பிடிக்கும், சில நாளில் வெடித்தும் போகும். அதற்குக் கழுத்தில் மட்டும் சில நொடி நெருப்புக் காட்டி இளக்குகிறார்கள். பாத்திரம் அடிக்கிற கன்னார் எல்லாருக்கும் தெரிந்த வித்தை இது. அடிக்க அடிக்கப் பித்தளை முரடாகும், காய்ச்சினால் மறுபடி சொன்னபடி கேட்கும். அடிப்பாகத்தில் மட்டும் சூடு ஏறக் கூடாது, அங்கே பலம் குறைந்தால் சுடுகிறவன் முகத்துக்கு ஆபத்து. இதற்கென்று பெரிய யந்திரம் வாங்க பேரன் துடித்தான். முதல் இரண்டு வருஷம் வேண்டாம், குப்பியை எத்தனை முறை சுட்டாய் என்று மட்டும் எழுதி வை என்றேன்.

போன வருஷப் பனிக்காலத்தில் மகன் வீட்டுக்குப் போய் நாலு மாதம் தங்கினேன். ஒரு சனிக்கிழமை. வெளியே பனி முழங்கால் அளவு. நிலவறையில் பேரன் மரப்பலகையில் ஐம்பது குப்பிகளை நிற்க வைத்து, ஒவ்வொன்றாக மருந்து நிறுத்து ஊற்றிக்கொண்டிருந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பதுக்கு மேல் ஆகியிருக்கும். போன் அடித்தது. நண்பன். எழுந்துபோய் மாடிப்படியில் நின்று பேசினான், சிரித்தான், வந்து உட்கார்ந்தான். கையில் புனல். எந்தக் குப்பியில் விட்டோம் என்று ஒரு கணம் பலகையைப் பார்த்தான். பிறகு ஒன்றின் மேல் புனலை வைத்தான்.

"கொட்டிடு" என்றேன்.

"எத தாத்தா?"

"எல்லாத்தையும்."

"எனக்குத் தெரியும் தாத்தா. இங்கதான் விட்டேன்."

"தெரியும்னா ஏன் பார்த்தே?"

முகம் சிவந்துவிட்டது. இருபத்தாறு வயசுப் பையன், சம்பாதிக்கிறவன், என் முன்னால் ஒவ்வொரு குப்பியாகத் தலைகீழாக்கி மருந்தை டப்பாவில் கொட்டினான். ஒரு மணி நேர வேலை போயிற்று. கோபமாகத்தான் செய்தான். நானும் ஆறுதல் சொல்லவில்லை. ஒன்றில் இரண்டு தடவை மருந்து விழுந்தாலோ, ஒன்றில் விழாமலே போனாலோ என்ன ஆகும் என்று அவனுக்கே தெரியும். மறுபடி முதலிலிருந்து நிறுத்து ஊற்றினான். ஐம்பதும் முடிந்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு குப்பிக்குள்ளும் பார்க்கச் சொன்னேன். மருந்தின் மட்டம் ஒரே உயரத்தில், வரிசையாக, குளத்தில் தண்ணீர் நிற்பது போல நின்றது. அதைப் பார்த்தபோது அவன் கோபம் போய்விட்டது. "அழகா இருக்கு தாத்தா" என்றான். அந்த நாலு மாதத்தில் அவன் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வார்த்தைதான். அன்றிலிருந்து போனை மாடியில் வைத்துவிட்டுத்தான் கீழே இறங்குகிறான்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, பஞ்சபாண்டவர் மலைக்கு நடந்து போனேன். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த கோயில் இருக்கிறது. சத்ருமல்லேசுவரம். ஆயிரத்து நானூறு வருஷம் ஆயிற்று. வாசலுக்கு மேலே மகர தோரணம், பக்கத்தில் துவாரபாலகர்கள். சிறு வயதில் ஆடு மேய்க்கப் போகும்போது அந்த நிழலில்தான் படுத்துக் கிடப்பேன். அப்போதெல்லாம் சிலைகளைப் பார்ப்பேன். இப்போது சிலையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கிறேன், உளி பட்ட தழும்புகளைத் தடவுகிறேன். செதுக்கியவனுக்குத் திருத்த வழி கிடையாது. கருங்கல்லில் ஒரு கொத்து கூடுதலாக விழுந்தால் ஒட்டவைக்க முடியாது. அவனிடம் இருந்தது இரண்டு மூன்று உளியும் ஒரு சுத்தியும்தான். ஒரு கொத்து, அதே சாய்வில் அதே பலத்தில் இன்னொரு கொத்து, அப்புறம் இன்னொன்று. தோரணத்தைச் செதுக்கியது ஒரு பெரிய கலைஞனாக இருக்கலாம். இந்த வெறும் சுவரைக் கொத்தியவன் பெயரை யார் கேட்டார்கள்? ஆனால் சுவர் நேராக இல்லாவிட்டால் தோரணம் எங்கே நிற்கும்?

அங்கிருந்தே பேரனுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினேன், தழும்பு தெரிகிற மாதிரி.

என் பழைய டிரங்குப் பெட்டியில் பதினோரு வருஷத்து நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. தேதி, தூரம், காற்று, வெயில், தோட்டாவின் ஆண்டும் லாட்டும், சைட்டில் எத்தனை கிளிக், எங்கே விழுந்தது. 1979-க்கு முந்தின நோட்டில் லாட் என்ற பத்தியே இல்லை. அதற்குப் பின் எல்லா நோட்டிலும் அதுதான் முதல் பத்தி. கனடாவிலிருந்து கிளம்பும்போது பேரனுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்து, முதல் பக்கத்தில் பத்திகளை என் கையால் தமிழில் எழுதிவிட்டு வந்தேன். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், எழுதுவதுதான் தட்டும். ஆங்கிலத்திலேயே நிரப்பிக்கொள் என்று சொல்லியிருந்தேன்.

போன வாரம் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். வேகமும் எடையும் எண்களாக இறங்கிக்கொண்டே வந்தன. கடைசி வரி மட்டும் தமிழில், பென்சிலில், கோணல் மாணலாக: 'மூன்று தோட்டா பிரித்து போட்டேன். காரனம் சந்தேகம்.'